மாற்றுச் சிறுநீரகம்: நீங்கள் ரெடியா?

ராத்திரி ஒரு மணி. பண்ணைக்காட்டில் உங்கள் வீட்டு போன் அடிக்கிறது.

"மதுரையிலேருந்து பேசறோம். உங்களுக்கு ஒரு கிட்னி கிடைச்சிருக்கு. சாப்பிடாம உடனே கிளம்பி வாங்க!"

சந்தோஷப்படுவீர்களா, பதறுவீர்களா? வெளியே மூடுபனி. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, வத்தலக்குண்டு தாண்டி மதுரை போய்ச் சேர வேண்டும். இந்த நேரத்தில் வண்டி யார் எடுப்பார்கள்? கூட யார் வருவார்கள்? தானமாக வந்த சிறுநீரகத்தை ஐஸில் வைத்திருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் பொருத்திவிடவே டாக்டர்கள் விரும்புவார்கள். போன் வந்த பிறகு யோசிக்க நேரமில்லை. இப்போதே யோசியுங்கள்.

2008-ல் திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டையே உலுக்கிய சம்பவம் அது. இன்று இந்தத் தானங்களை அரசின் உறுப்பு மாற்று ஆணையம் முறைப்படி பங்கிட்டுத் தருகிறது. இவ்வளவு பெரிய மனசோடு வரும் உறுப்பு வீணாகக் கூடாது இல்லையா? அதனால்தான் நோயாளி தயாரா என்று பார்க்கிறார்கள்.

எதையெல்லாம் பார்ப்பார்கள்?

முதலில் உடம்பு. ரத்த குரூப், திசுப் பொருத்தம், இதயத்துக்கு எக்கோ. காசநோய், மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்றும் சோதிப்பார்கள். சொத்தைப் பல்லைக்கூட விடமாட்டார்கள்! ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிடும் மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். அப்போது சின்னச் சீழும் பெரிய ஆபத்தாகிவிடும்.

அடுத்தது மனசும் வீடும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு டாக்டர்கள் 2012-ல் இதற்கென்றே 18 அம்சங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நோயைப் பற்றிய புரிதல், குடும்பத்தின் துணை, மனநிலை, குடி போன்ற பழக்கங்கள் ஆகிய நான்கையும் அது எடை போடுகிறது.

உங்களையே கேளுங்கள்

1. மாத்திரையை மாற்றுச் சிறுநீரகம் வேலை செய்யும் வரை, நேரம் தவறாமல் சாப்பிடுவேனா? "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தினால், உடம்பே புதுச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

2. முதல் சில மாதங்கள் அடிக்கடி செக்கப் உண்டு. அதுவரை மதுரையில் தங்க இடம் இருக்கிறதா?

3. பணம்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷனுக்கு இடமுண்டு. அதற்குப் பிறகான மாத்திரைச் செலவையும் முன்கூட்டியே விசாரித்தேனா?

4. தோட்டத்தில் எருவைக் கிளறும்போது கையுறையும் மாஸ்க்கும் போடுவேனா? மண்ணிலுள்ள பூஞ்சைகள் எதிர்ப்பு சக்தி குறைந்தவரைச் சும்மா விடாது.

5. பம்ப்ளிமாஸ் பழத்தை விடுவேனா? அது சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். டாக்டரைக் கேட்காமல் பச்சிலை மருந்தும் கூடாது.

6. மனம் சோர்ந்திருந்தால், குடியை விடமுடியாமல் தவித்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்வேனா?

கொடுப்பவர் மனசு

வீட்டிலேயே ஒருவர் கொடுப்பதாக இருந்தால் அவரையும் சோதிப்பார்கள். 1994-ம் வருடச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். நம் வீடுகளில் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான் முன்வருகிறார்கள். ஆசையோடு தருகிறாரா, "மாட்டேன்னா என்ன நினைப்பாங்களோ" என்ற பயத்தில் தருகிறாரா? அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பது அதற்காகத்தான். அவர் மறுத்தால் கோபிக்காதீர்கள்.

மேலே உள்ள கேள்விகளில் ஒன்றிரண்டுக்கு "இல்லை" என்று பதில் வந்ததா? பயப்படாதீர்கள். பெரும்பாலும் "வேண்டாம்" என்பதல்ல, "இதைச் சரி செய்துகொண்டு வாருங்கள்" என்பதே அதற்கு அர்த்தம். டயாலிசிஸ் செய்துகொண்டே பல்லைச் சரி செய்யலாம், தடுப்பூசி போடலாம், பணம் சேர்க்கலாம்.

இன்றைக்கே மூன்று காரியம் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு போன் நம்பர் கொடுங்கள். ராத்திரியில் வரக்கூடிய டிரைவரிடம் சொல்லி வையுங்கள். ரிப்போர்ட்டுகளை ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டுங்கள்.

போன் அடிக்கும்போது உங்கள் வீட்டில் எல்லோரும் ரெடியாக இருக்கட்டும்!