பெரியம்மா தேக்காவுக்குத் தனியாகப் போகிறார்

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போயிருந்தேன். ஆங் மோ கியோவில் அடுக்குமாடி வீடொன்றில், ஏழாவது மாடியில், என் பெரியம்மா இருக்கிறார். வயது 78. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் அவரைக் காணவில்லை. பதறிப்போய் அண்ணனிடம் கேட்டேன்.

"அம்மாவா? தேக்காவுக்குப் போயிருப்பாங்க. பத்து மணிக்குள்ளே வந்துடுவாங்க" என்றார் அண்ணன், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

சொன்னபடியே வந்து சேர்ந்தார் பெரியம்மா. பையில் முருங்கைக்கீரை, வெற்றிலை, கொஞ்சம் மல்லிகைப்பூ.

"யார் கூட்டிக்கொண்டு போனது, பெரியம்மா?"

"யாருப்பா கூட்டிக்கிட்டுப் போகணும்? கீழே இறங்கினா பஸ்ஸு. அப்புறம் ரயிலு. தோபி காட்டிலே மாறினா அடுத்த ஸ்டேஷன் தேக்கா. இதுக்கு ஒரு ஆளா?"

அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர் என் நினைவுக்கு வந்தார். அவருக்கும் இதே வயதுதான். மாதம் ஒரு முறை பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பேரனுடைய மோட்டார் சைக்கிள்தான் கதி. பேரனுக்கு ஓவர்டைம் என்றால் பாட்டிக்கு மருந்து இல்லை. இரண்டு பேருடைய கால்களிலும் பலம் ஒன்றுதான். வாசலுக்கு வெளியே என்ன ஓடுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

பால்மரம் நின்ற ஊர்

ஆங் மோ கியோவும் ஒரு காலத்தில் நம் பக்கத்து ஊர்களைப் போலத்தான் இருந்தது. பால்மரமும் காய்கறித் தோட்டமும் பன்றிப் பண்ணையும் அத்தாப்பு வீடுகளுமாக இருந்த அந்த இடத்தில், 1973-ஆம் ஆண்டில் புதுநகர் எழும்பத் தொடங்கியது. பெரியம்மா குடும்பம் 1977-இல் அங்கே குடியேறியது.

பெரியப்பாவுக்கு நகரத்துக்குள் வேலை. பஸ்ஸில்தான் போவார். பல கம்பெனிகள் தனித்தனியாக ஓட்டிய பஸ்கள், 1973-இல் சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் என்ற ஒரே நிறுவனத்தின்கீழ் வந்திருந்தன. ஆனாலும் காலை நேரத்தில் நெரிசல் தாங்காது.

1975 ஜூன் மாதத்தில் சிங்கப்பூர் அரசு ஒரு புதுமை செய்திருந்தது. காலை வேளையில் நகரத்தின் நடுப்பகுதிக்குள் நுழையும் கார் நாளொன்றுக்கு 3 வெள்ளி கட்ட வேண்டும். காரில் நான்கு பேர் இருந்தால் கட்ட வேண்டியதில்லை! உடனே என்ன நடந்தது தெரியுமா? கார் வைத்திருந்தவர்கள் பஸ் நிறுத்தத்தில் வந்து ஆள் தேடினார்கள். "உங்க பெரியப்பா எத்தனையோ நாள் முன்பின் தெரியாதவங்க காரிலே சொகுசா வேலைக்குப் போயிருக்காரு" என்று பெரியம்மா சிரிக்கிறார். அந்தச் சலுகை 1989-இல் நின்றது.

ரயில் வந்தது

1987 நவம்பர் 7-ஆம் நாள் சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. ரயில் முதன்முதலாக ஓடியது. இயோ சூ காங்கில் தொடங்கி ஆங் மோ கியோ, பீஷான், பிராடல் வழியாகத் தோ பாயோ வரை ஐந்தே நிலையங்கள். சுமார் 6 கிலோமீட்டர். அடுத்த மாதமே நகரத்துக்குள் ஊட்ரம் பார்க் வரை நீண்டது.

அதுவரை பெரியம்மா தனியாக நகரத்துக்குப் போனவரல்லர். பஸ்ஸில் எங்கே மணி அடிப்பது, எங்கே இறங்குவது என்ற பயம். "ரயிலு எல்லா இடத்திலேயும் நிக்குது. எண்ணிக்கிட்டே போயி இறங்கிடலாம்ல?" என்கிறார். 2003 ஜூன் மாதம் வடகிழக்கு ரயில் பாதை திறந்தபோது, தேக்கா சந்தைக்குப் பக்கத்திலேயே லிட்டில் இந்தியா நிலையம் வந்துவிட்டது. பிறகு அவரை வீட்டில் பிடித்து வைக்க முடியுமா?

அண்ணனின் கார்

அதே 2003-இல் அண்ணன் கார் வாங்கினார். கைக்குழந்தை வைத்திருந்த நேரம். சிங்கப்பூரில் காசு இருந்தால் மட்டும் கார் வாங்கிவிட முடியாது. 1990 மே மாதத்திலிருந்து, ஏலத்தில் உரிமைச் சான்றிதழ் எடுத்த பிறகுதான் காரைப் பதிவு செய்யலாம். அதற்கு ஆயுள் பத்து ஆண்டு.

காருடன் புதுப் பழக்கங்களும் வந்தன. 1998 முதல் சாலைக்கு மேலே கட்டண வளைவுகள் நிற்கின்றன. கூட்டம் மிகுந்த நேரத்தில் கட்டணம் கூடும். அதற்காகவே அண்ணன் அரை மணி முன்னதாகக் கிளம்புவார். தீபாவளிக்கு எங்கள் தோட்டத்துக்கு வருவதென்றால், சிங்கப்பூர் எல்லையைத் தாண்டும்போது காரில் முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்க வேண்டும். 1989-இல் பாதித் தொட்டி என்றிருந்த சட்டம் 1991-இல் முக்கால் ஆனது.

2013-இல் சான்றிதழ் முடிந்தது. அண்ணன் புதுப்பிக்கவில்லை. "முதல் மாதம் கை ஒடிஞ்ச மாதிரி இருந்துச்சு. மூணாம் மாதம் சேமிப்புக் கணக்கைப் பார்த்தேன். வலி போயிடுச்சு" என்றார். 2023 அக்டோபரில் சிறிய காருக்கான சான்றிதழ் 106,000 வெள்ளிக்குப் போனது. காருக்கு விலை தனி!

அண்ணன் மகளுக்கு இப்போது 24 வயது. ஓட்டுநர் உரிமம்கூட எடுக்கவில்லை. கேட்டால், "எதுக்குச் சித்தப்பா?" என்கிறாள். வீட்டிலிருந்து சைக்கிள், அங்கிருந்து ரயில், அவ்வளவுதான் அவள் பயணம்.

நம் பக்கத்துக் கதை

நாமும் மாறித்தான் இருக்கிறோம். தாத்தா சைக்கிள் மிதித்தார். அப்பா கப்சாய் வாங்கினார். 1985-இல் புரோட்டோன் சாகா வந்த பிறகு நம்மவர் வீட்டு வாசலிலும் கார் நின்றது. அது பெருமைதான்; உழைத்து வாங்கியது.

ஆனால் வீட்டுக்கு வீடு வண்டி வந்ததும், எங்கள் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த பஸ் காலியாக ஓடியது. பிறகு ஒரு நாள் நின்றே போனது. வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பாட்டிக்குத் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்தது. உரிமம் இல்லாத தாய்மாருக்குத் தெரிந்தது.

தோட்டத்தில் வண்டி இல்லாமல் இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், முடியாது. ஆனால் ஒன்பது ஆண்டுத் தவணைக்குக் கையெழுத்துப் போடும் முன், பெட்ரோல், இன்சூரன்ஸ், டயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஒரு காரில் நான்கு பேர் போகும் வழக்கத்தை, சட்டம் இல்லாமலே நாம் வைத்துக்கொள்ளலாம். என் பள்ளியில் சில பெற்றோர் முறை வைத்துப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் மழைநாளிலும் விடுப்பு எடுப்பதில்லை. ஆஸ்பத்திரி நாளுக்கும் இப்படி ஒரு முறை வைத்தால் என்ன? மோட்டார் சைக்கிள்தான் என்றால், பிள்ளைக்கும் தலைக்கவசம் போடுங்கள். நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

புறப்படும் நாளில் எங்கள் தோட்டத்துப் பாட்டியைப் பற்றிப் பெரியம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"ஏம்பா வாத்தியாரே, அவளுக்கு ஒரு பஸ்ஸு விடச் சொல்லக் கூடாதா?"

நான் ஒருவன் சொன்னால் யார் கேட்பார்? தோட்டமே சேர்ந்து கையெழுத்துப் போட்டு, வட்டார மக்கள் பிரதிநிதியிடம் கொடுத்தால் கேட்பார்கள். பள்ளி திறந்ததும் முதல் கையெழுத்து என்னுடையது.