பிஸ்கட் டின்னில் இருந்த பழைய கண்டென்சர்

அண்மையில் செம்பூரில் ஒரு கல்யாண வரவேற்பில் மாட்டுங்கா இளைஞர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மாமா, பழைய ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கியிருக்கேன். பொங்கலுக்கு அதுலயே ஊருக்குப் போகணும்னு ஆசை. வழியில நின்னுட்டா? என்னென்ன ஸ்பேர் எடுத்துக்கணும்?" என்று கேட்டார். கையில் நீளமான பட்டியல் வேறு வைத்திருந்தார். ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, கேஸ்கெட் செட் என்று அது போய்க்கொண்டே இருந்தது. அத்தனையும் ஏற்ற இரண்டு பேர் உட்காரும் கார் போதாது, பின்னால் ஒரு டெம்போவும் வர வேண்டும்!

பந்தி கூப்பிட்டுவிட்டதால் அவருக்கு அங்கே பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். பழைய ஃபியட், அம்பாசடர் வைத்திருக்கும் அன்பர்களுக்கும் இது பயன்படலாம்.

நான் ஸ்பிட்ஃபயர் ஓட்டியவன் அல்ல. ஆனால் அதன் உடன்பிறப்போடு வளர்ந்தவன். எங்கள் வீட்டில் இருந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டு காரை 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. அதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி 1962இல் வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. இரண்டிலும் பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக, முதலை வாயைப் போல முன்பக்கம் திறக்கும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைக் கழற்றலாம். சாலையோரத்தில் வேலை பார்ப்பதற்கென்றே செய்தது போல இருக்கும்!

நிப்பாணியைத் தாண்டி

1994 மே மாதம். திருநெல்வேலியில் என் தங்கைக்குக் கல்யாணம். அம்மாவும் தங்கையும் ரயிலில் முன்னாலேயே போய்விட்டார்கள். அப்பாவும் நானும் ஹெரால்டில் கிளம்பினோம். செட்டா நகர் முருகன் கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பாடு. காரில் சீர்ப் பாத்திரங்கள், தங்கையின் நகைகள். முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்றே நாள்.

டிக்கியில் பாதி இடம் என் ஸ்பேர் பெட்டிக்கு. தெரிந்த கடைகளிலெல்லாம் அலைந்து புத்தம் புதிதாக வாங்கி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அடுக்கியிருந்தேன். அப்பா ஒரு பழைய பிஸ்கட் டின்னை மட்டும் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

கோலாப்பூர், நிப்பாணி தாண்டிக் கர்நாடகத்தில் ஓடிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். எஞ்சின் திக்கித் திக்கி இழுத்தது, சைலென்சர் பட்பட்டென்று வெடித்தது, பிறகு நின்றேவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, அப்பாவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பார்த்தேன். பாயிண்டில் பெரிதாகப் பொறி பறந்தது. கண்டென்சர் போனதற்கு அதுதான் அடையாளம்.

பாயிண்ட் திறக்கும் நொடியில் மின்சாரத்தைத் தாங்கிக்கொள்வது கண்டென்சரின் வேலை. அது கெட்டால் பிளக்குக்குப் போக வேண்டிய பலம் பாயிண்டிலேயே பொறியாக வீணாகிறது. சூடானால் மக்கர், ஆறினால் சரி என்று சில சமயம் ஆட்டம் காட்டும். ஒரே ஒரு திருகாணிதான், ஐந்து நிமிட வேலை. பெருமையோடு புதுக் கண்டென்சரை மாட்டினேன். வண்டி இருமக்கூட இல்லை.

அப்படியானால் காயிலோ? மாற்றினேன். ரோட்டர், மூடி, பிளக் வயர் எல்லாவற்றையும் மாற்றினேன். ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. வெயில் தாழ்ந்தது. நகைப் பை சீட்டுக்கு அடியில். அவ்வளவு நேரமும் புளியமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா மெதுவாக எழுந்து வந்தார்.

"ஏலே, அந்த டின்னை எடு."

உள்ளே துணியில் சுற்றிய ஒரு கண்டென்சர். பழசு. மேலே காகிதத்தில் அவர் கையெழுத்து: "ஓடினது. நல்லது."

"புதுசே வேலை செய்யலை, பழசாப்பா செய்யப் போகுது?"

"பழசு ஓடிக் காட்டினது. புதுசு இன்னும் ஒண்ணும் காட்டலியே!"

மாட்டினேன். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் கடையில் வாங்கிய புதுசு உறையிலேயே செத்துப்போனது! அதைச் சோதிக்காமல் எடுத்துவந்தது என் தவறு. நல்ல கண்டென்சரைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

அப்பாவின் வழக்கம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. புதிதாக எது வாங்கினாலும் அதை வண்டியில் மாட்டிக் கொஞ்ச நாள் உள்ளூரில், செம்பூருக்கும் சயானுக்கும், ஓட்டுவார். கழற்றிய பழசு நல்ல நிலையில் இருந்தால் அதுவே டின்னுக்குப் போகும். வண்டியில் இருப்பதும் சோதித்தது, டின்னில் இருப்பதும் சோதித்தது. சோதிக்காத புதுப் பாகம் ஸ்பேர் ஆகாது, வெறும் நம்பிக்கைதான்.

எதை எடுப்பது, எதை விடுவது?

மூன்று கேள்விகள் கேளுங்கள். இது இல்லாவிட்டால் வண்டி நின்றுவிடுமா? என் கையில் உள்ள ஸ்பானரால் இதை மாட்ட முடியுமா? அடுத்த ஊரில் இது கிடைக்காதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் டின்னில் இடம் கொடுங்கள். இந்தக் கணக்கில் என் பட்டியல் இதுதான்:

பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஒரு காயில், இரண்டு பிளக். கூடவே ஒரு ஃபீலர் கேஜ். ஹெரால்டுக்குப் பாயிண்ட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது சுமார் 0.4 மி.மீ. பிளக்குக்கு ஆயிரத்தில் 25 பங்கு. பிளக் வயர் வரிசை 1-3-4-2. இவற்றை டின் மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். இருட்டில், பதற்றத்தில், நினைவு கைவிடும். பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டவர்கள், கழற்றிய பழைய பாயிண்ட் தட்டைத் தூக்கி எறியாதீர்கள். புதியது வழியில் செத்தால் அதுதான் உயிர் கொடுக்கும்.

ஒரு ஃபேன் பெல்ட். அது அறுந்தால் தண்ணீர் பம்பும் நிற்கும், டைனமோவும் நிற்கும். ரேடியேட்டர் ஹோஸ், கிளிப், ஐந்து லிட்டர் தண்ணீர். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

பெட்ரோல் பம்புக்கு ஒரு டயஃப்ரம், இரண்டு அடி பெட்ரோல் டியூப். டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கலாம். ஆயில் குச்சியை முகர்ந்து பார்த்தால் வாடை தெரியும். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் அதில் ஊறி உப்பி, பிறகு வெடிக்கும். எத்தனால் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்கி, கிளம்பும் முன்பே மாட்டிவிடுங்கள். வெயிலில் பம்ப் சூடாகிப் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால் ஸ்பேரே வேண்டாம். பம்பின் மேல் ஈரத்துணி போட்டு அரை மணி காத்திருந்தால் போதும்.

மீதி சில்லறைச் சாமான்: ஃபியூஸ், பல்பு, ஆக்ஸிலேட்டர் கேபிள், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், டார்ச், காற்று பார்த்த ஸ்டெப்னி, நன்றாக ஏறும் ஜாக்கி.

ஸ்டார்ட்டர் மோட்டாரை வீட்டில் விட்டுவிடுங்கள். அது போனால் நாலு பேர் தள்ளினால் வண்டி கிளம்பிவிடும்.

டின்னால் ஆகாத காரியம்

சில பழுதுகளுக்கு எந்த டின்னும் உதவாது. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன்சக்கரத்தைத் தாங்கும் டிரனியன் என்ற பித்தளைப் பாகம் உண்டு. அதற்கு கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் விட வேண்டும். காய விட்டால் இரும்புத் தண்டு தேய்ந்து ஒருநாள் முறியும், சக்கரம் மடிந்து படுத்துவிடும். பிரேக் ஹோஸ், சக்கர பேரிங் ஆகியவையும் அப்படித்தான். இவற்றைக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பார்த்துவிட வேண்டும். பிரேக் பழுதானால் சாலையோரத்தில் வீரம் காட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். வண்டி நின்றதும் ரிஃப்ளெக்டர் முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, குடும்பத்தாரைத் தடுப்புக்கு அப்பால் உட்கார வையுங்கள். இன்றைய ஆறுவழிச் சாலை, அன்று அப்பா உட்கார்ந்திருந்த புளியமரத்தடி அல்ல.

பாகங்களுக்கு மும்பையில் குறைவில்லை. ஆபரா ஹவுஸ் பக்கத்துக் கடைகள், குர்லா சி.எஸ்.டி. ரோடு இரண்டிலும் பொறுமையாகத் தேடுங்கள். தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் எங்களுக்கு ஓர் அண்ணாச்சி இருந்தார். கிடைக்காத ரப்பர் புஷ்ஷைக்கூட லேத்தில் கடைந்து கொடுப்பார். அப்படி ஒருவரைப் பழகி வைத்துக்கொள்வது எந்த ஸ்பேரையும்விட மேல்.

அன்று இரவு பெல்காமில் தங்கி, மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஓட்டி, முகூர்த்தத்துக்கு முந்தின மாலை ஊர் சேர்ந்தோம். வாசலில் நின்ற அம்மா, "ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள். அப்பா என்னைப் பார்க்காமல், "வழியில நல்ல மரநிழல் இருந்துச்சு, கொஞ்சம் உட்கார்ந்துட்டோம்" என்றார். என் பெட்டியைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அப்பா இப்போது இல்லை. ஹெரால்டும் கை மாறிவிட்டது. டின் மட்டும் என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்குக் கிளம்பும் முன் அந்த மாட்டுங்கா தம்பியை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். டின்னைக் கொடுக்கத்தான். உள்ளே வைப்பதை ஓட்டிப் பார்த்து வைக்க வேண்டியது அவர் பொறுப்பு.