குல்ஃபாவும் அதன் பங்காளிகளும்

தில்லிக்கு வந்து இருபது வருஷம் ஆனபிறகும் ‘இங்கே பருப்புக்கீரை கிடைப்பதில்லையே’ என்று குறைப்படுகிறவர்கள் நம்மிடையே உண்டு. கோடையில் சப்ஜி மண்டியில் ‘குல்ஃபா’ என்று கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதுவேதான் பருப்புக்கீரை. மும்பையில் இருப்பவர்கள் ‘கோள்’ என்று கேட்டு வாங்கலாம். (கோள் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

கடையில் வாங்குகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. மழை விழுந்ததும் காலனிப் பூங்கா ஓரத்திலும் மொட்டைமாடித் தொட்டியிலும் தானாக முளைப்பதைப் பறிக்கிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். ஊரிலிருந்து வரும் அம்மாவோ மாமியாரோ காலையில் நடந்துவிட்டு வரும்போதே நாலு பிடி பறித்து வந்துவிடுவார்கள். அவர்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். இங்கேயே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கோ எல்லாம் ஒரே களை.

முதலில் தண்டைக் கிள்ளிப் பாருங்கள். பால் வந்தால் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் எரியும். அது சிற்றம்மான் பச்சரிசி இனம். சிவந்த தண்டோடு தரையில் படர்வதால் ஏமாற்றுமே தவிர, அதன் இலையில் சதைப்பற்று கிடையாது.

பருப்புக்கீரையின் தண்டு வழவழப்பானது. இலை கரண்டி வடிவத்தில் தடித்து, தண்டில் மாறி மாறி அமைந்து, நுனியில் கூட்டமாக நிற்கும். பூ மஞ்சள், பெரும்பாலும் ஐந்து இதழ். வெயில் ஏறியபின் சில மணி நேரமே விரிந்திருக்கும். காய் முற்றியதும் குங்குமச் சிமிழின் மூடிபோல மேல்பாதி கழன்று, கறுப்பு விதைகள் சிந்தும்.

அதன் தங்கை சிறுபசலை. இலை சிறியது, எதிரெதிராக இருக்கும். கணுவுக்குக் கணு வெள்ளை மயிர் தெரியும். கணுவிலேயே வேரும் விடும். பூ மஞ்சள்தான், ஆனால் இதழ் நான்கு. மாறிப்போனாலும் பாதகமில்லை, இதுவும் கீரைதான். நாம் டேபிள் ரோஸ் என்று தொட்டியில் வளர்ப்பதும் இதே இனம். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஊசிபோன்ற இலையும் பெரிய வண்ணப் பூவும் இருப்பதால் அதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை.

உண்மையில் ஏமாற்றுவது சாரணை. பருப்புக்கீரை இருக்கும் இடத்திலேயே, அதே மழையில், அதே சதைப்பற்றோடு வரும். சிமிழ் மூடிபோல் திறக்கும் காய்கூட இதற்கும் உண்டு. ஆகவே காயை மட்டும் நம்ப வேண்டாம். இலைகளைப் பாருங்கள். எதிரெதிராக ஜோடியாக இருக்கும், ஆனால் ஜோடியில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. காம்பின் அடி பைபோல் அகன்று தண்டைத் தழுவியிருக்கும். அதற்குள்ளே ஒற்றைப் பூ ஒளிந்துகொண்டிருக்கும். இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை. மஞ்சள் ஒருபோதும் இல்லை.

சாரணையின் இளந்தளிரைச் சமைப்பது நம் கிராமங்களில் உண்டு. ஆனால் அதன் வேர் கடுமையான பேதி மருந்து. கர்ப்பிணிகள் இந்தச் செடியின் பக்கமே போகக்கூடாது. வடக்கே இன்னொரு வம்பும் இருக்கிறது. சாரணைக்கு இங்கே ‘பத்தர்சட்டா’ என்றும் பெயர். சிறுநீரகக் கல்லுக்கு என்று பக்கத்து வீட்டார் சிபாரிசு செய்யும் ரணகள்ளிக்கும் அதே பெயர்தான். பெயரைக் கேட்டுக்கொண்டு போனவர் சாரணையைப் பறித்துத் தின்றால், ஆக்ஸாலிக் அமிலம் நிறைந்த செடியைக் கல் உள்ளவரே தின்றதாகும். கல் இருந்தால் டாக்டரிடம் போவதே சரி.

அந்த அமிலம் பருப்புக்கீரையிலும் அதிகம்தான். கல் உபாதை இருந்தவர்கள் அதையும் தவிர்ப்பது நல்லது. மற்றவர்கள் மோர்க்கூட்டாகச் செய்யலாம். தயிரிலுள்ள கால்சியம் அமிலத்தைப் பிடித்துக்கொள்வதால் உடலில் சேர்வது குறையும். அதிகாலையில் பறித்த கீரை சற்றுப் புளிக்கும். தண்ணீர் குறைந்தால் இச்செடி இரவில் காற்றை இழுத்து அமிலமாகச் சேர்த்துவைத்து, பகலில் செலவழிக்கிறது. புளிப்பு வேண்டாதவர்கள் மாலையில் பறிக்கலாம்.

பூங்காவில் மருந்து அடிப்பார்கள், நாய்களும் வரும். அதைவிட, மண்டியில் வாங்கிய குல்ஃபாக் கட்டில் நாலு தண்டை எடுத்து மாடித் தொட்டியில் செருகி வையுங்கள். சுலபமாக வேர் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் மஞ்சள் பூவின் இதழ்களை எண்ணச் சொல்லுங்கள்.