ஏரி மீனுக்கு ஏற்ற வலை

தாம்பரத்தை அடுத்த மணிமங்கலம், படப்பை, மாடம்பாக்கம் பகுதி ஏரிகள் வடகிழக்குப் பருவ மழையில் நீர் பெற்று, கோடையில் வற்றத் தொடங்கும். ஏரியில் மீன் குத்தகை எடுப்போரும், பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கும் சிறு விவசாயிகளும் வலை வாங்குமுன் சிலவற்றைக் கவனித்தல் நல்லது. கால் கிலோவில் பிடிபட்ட ரோகு, விட்டு வைத்திருந்தால் ஒரு கிலோ தேறியிருக்கும். பொருந்தாத வலையால் குஞ்சுக்கும் தீவனத்துக்கும் ஆன செலவுகூடத் திரும்பாது.

கண்ணி அளவு: செவுள் வலையில் மீனின் தலை நுழையும், பருத்த உடல் நுழையாது. பின்வாங்கும்போது செவுள் மூடி நூலில் மாட்டிக்கொள்ளும். எனவே கண்ணிதான் முக்கியம். கண்ணியின் எதிரெதிர் முடிச்சுகளை இழுத்துப் பிடித்து அளப்பதே கண்ணி அளவாகும். பிடிக்க விரும்பும் மீனின் பருத்த பகுதியை நூலால் சுற்றி அளந்து, அதை இரண்டரையால் வகுத்தால் ஏறக்குறைய ஏற்ற கண்ணி அளவு கிடைக்கும். சுற்றளவு 25 செ.மீ. எனில் 10 செ.மீ. கண்ணி போதும்.  ஏற்ற நீளத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சிறிய மீனும் பெரிய மீனும் இவ்வலையில் அதிகம் சிக்கா.

வலை கோத்தல்: சிக்கனம் கருதிச் சிலர் வலையை விறைப்பாகக் கட்டிவிடுகின்றனர். இது தவறு. இழுத்து அளந்தால் 100 மீட்டர் வரும் வலையை 50 மீட்டர் கயிற்றில் கோக்க வேண்டும். அப்போது 3 மீட்டர் உயர வலை நீரில் சுமார் 2.6 மீட்டர் உயரம் நிற்கும். 80 மீட்டர் கயிற்றில் கோத்தால் 1.8 மீட்டர்தான் நிற்கும். கண்ணி அகன்று விறைப்பதால் மீன் மோதித் திரும்பிவிடும். மிகத் தளர்வாகக் கட்டினாலோ சிறியதும் பெரியதும் சுற்றிச் சிக்கும், பிரித்தெடுக்க நேரமாகும்.

நூல்: மெல்லிய நூல் மீன் கண்ணுக்குத் தெரியாது, அதிகம் பிடிக்கும். ஆனால் முள்ளிலும் வேரிலும் சீக்கிரம் அறும். பருத்தி வலை போல நைலான் மக்குவதில்லை. வெயிலில் மட்டும் வலுவிழக்கும். ஆகவே நிழலில் உலர்த்த வேண்டும். அறுந்த வலையை ஏரியில் விட்டுவிடக் கூடாது. ஆளில்லாமலே அது மீனைக் கொன்றுகொண்டிருக்கும்.

நீர் நிறைந்திருக்கும்போது பெரிய கண்ணிச் செவுள் வலையால் வளர்ந்த மீனை மட்டும் எடுக்கலாம். நீர் முழங்காலளவுக்கு இறங்கியபின் இழுவலையால் எஞ்சியதைப் பிடித்துவிட வேண்டும். வற்றும் ஏரியில் குஞ்சை விட்டுவைத்துப் பயனில்லை.