ஆலை நிலமும் மண்ணாராய்ச்சியும்

ஆலையொன்றை நிறுவக் கருதுவோர் நீர், மின்வலு, புகையிரதப் பாதை, சந்தை என்பவற்றை ஆராய்ந்து நிலத்தைத் தெரிவர். அந்நிலத்தின் அடியில் யாதுளது என்னும் வினா பெரும்பாலும் இறுதியிலேயே எழும். ஓரிரு குழிகளை வெட்டி, மண் இறுக்கமானதெனக் கண்டு மனநிறைவடைதல் நெடுங்கால வழக்கமாயிருந்தது. அது எத்துணை ஆபத்தானது என்பதைக் கனடாவிலே, வின்னிபெக் நகரையடுத்த திரான்சுகோனாவில் 1913ஆம் ஆண்டு நேர்ந்த நிகழ்ச்சி காட்டும்.

கனடிய பசிபிக் புகையிரதக் கம்பனி அங்கே 10 இலட்சம் புசல் தானியம் கொள்ளத்தக்க களஞ்சியமொன்றைக் கொங்கிறீற்றினாற் கட்டியது. அதில் ஐந்து நிரைகளாக 65 கொள்கலங்கள் இருந்தன. உயரம் 92 அடி. 195 அடி நீளமும் 77 அடி அகலமும் உடைய ஒரே தளமாக அத்திவாரம் நிலமட்டத்துக்கு 12 அடி கீழே இடப்பட்டது. கட்டுமுன் அம்மட்டத்திலே சிறு பரப்பொன்றின்மேற் பளுவேற்றிச் சோதித்தனர். மண் சதுர அடிக்கு 4 தொன்னுக்குக் குறையாது தாங்கும் எனச் சோதனை கூறிற்று. களஞ்சியம் நிறைந்தபோது வரும் பளுவோ 3 தொன்னைச் சற்றே கடந்ததாகும். ஐயத்துக்கு இடமேது?

செப்ரெம்பரில் தானியம் நிரப்பத் தொடங்கினர். ஒக்டோபர் 18ஆந் திகதி, 875,000 புசல் நிறைந்திருந்த வேளையிற் கட்டடம் அமிழத் தொடங்கி, ஒரு மணி நேரத்துள் ஓரடி தாழ்ந்தது. பின்னர் மேற்கே சாய்ந்து, ஒரு நாளில் ஏறத்தாழ 27 பாகை சரிந்து நின்றது. சூழவிருந்த மண் பொங்கி மேலெழுந்தது. விந்தை யாதெனில், இத்துணை சரிந்தும் கொள்கலங்கள் தகர்ந்தில. கட்டியவர் வேலையிற் குறை காணற்கில்லை.

சோதனை பொய்த்தது ஏன்? கோடையிற் குளத்தின் மேற்சேறு காய்ந்து ஓடுபோல் இறுகும். அதன்மேற் சிறுவன் நடந்து செல்வான், பாரவண்டி புதையும். பளுவின் தாக்கம் நிலத்துள் எவ்வளவு ஆழஞ் செல்லும் என்பது பளு அமரும் பரப்பின் அகலத்தைப் பொறுத்தது. பொதுவாக அகலத்தின் இருமடங்கு ஆழம் வரை அது உணரப்படும். ஓரடிப் பலகை 2 அடி ஆழத்து மண்ணையே வினாவும். 77 அடித் தளமோ அடியிலுள்ள சுண்ணக்கற் பாறை வரையுள்ள மண் முழுவதையும் அழுத்தும். திரான்சுகோனாவின் மண், பனியூழியின் இறுதியிற் பரந்திருந்த அகாசி ஏரியிற் படிந்த களியாகும். அதன் மேற்பகுதி இறுக்கமானது, கீழ்ப்பகுதி மென்மையானது. சோதனை மேற்களியை மாத்திரம் அறிந்தது.

களஞ்சியத்தின் அடியைத் தோண்டி, பாறை வரை தூண்களை இறக்கி, அதனை மீண்டும் நிமிர்த்தினர்; முன்னையினும் தாழ்ந்த மட்டத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1951இல் பெக் என்பாரும் பிறையன்ற் என்பாரும் அவ்விடத்தே துளையிட்டு, குலையாத களிமாதிரிகளை எடுத்து வலிமையை அளந்தனர். தேர்சாகி முதலியோர் வளர்த்த மண்பொறியியற் கணக்கின்படி அவர்கள் பெற்ற தாங்குதிறன், களஞ்சியம் சரிந்த வேளையில் இருந்த சதுர அடிக்கு ஏறத்தாழ 3 தொன் என்னும் பளுவோடு வியக்கத்தக்கவாறு பொருந்தியது. அத்தகைய துளைகள் 1913க்கு முன் இடப்பட்டிருப்பின் செலவு அற்பமே.

இன்று துளையின் ஆழம் கட்டடத்தின் அகலத்தையும் பளுவையுங் கொண்டு வரையறுக்கப்படுகின்றது. மணலில் 140 றாத்தற் சம்மட்டியை 30 அங்குல உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் ஓரடி இறங்கப் பிடிக்கும் அடிகளை எண்ணுவர். மென்களியில் இவ்வெண்ணிக்கை நம்பத்தக்கதன்று. மெல்லிய குழாயால் மாதிரி எடுத்தலே தகும். நிலக்கீழ் நீர்மட்டமும் குறிக்கப்படல் வேண்டும். களி உடையாவிடினும், அதிலுள்ள நீர் பல்லாண்டுகளாக மெல்லக் கசிந்து வெளியேற, கட்டடம் தாழ்ந்துகொண்டேயிருக்கும். ஆலைக்கு இதுவே பெருந்தொல்லை. கனத்த கொதிகலன் ஓரிடத்தும், இலேசான கொட்டகை அதன் பக்கத்தும் இருப்பின், ஒன்று தாழ மற்றது நிற்க, இரண்டையும் இணைக்குங் குழாய்கள் முறியும். ஆதலின் துளைகளை நிலமெங்கும் ஒரே இடைவெளியில் இடுதல் போதாது. கனத்த பொறி அமையும் இடந்தோறும் இடல் வேண்டும். வரைபடத்திற் கொதிகலன் 100 அடி நகர்த்தப்படின், அப்புதிய இடத்திலும் துளையிட்டே பார்த்தல் வேண்டும்.