கருந்துளையும் எரிந்த ஏடும்

ஹற்றன் தோட்டப் பக்கங்களிலே ‘சாயத்தண்ணி’ என வழங்கும் பால் கலவாத தேநீரில் ஒரு துளி பாலை விட்டுப் பாருங்கள். முதற்கணத்தில் அத்துளி இன்னவிடத்து உளதெனச் சுட்டலாம். சற்றைக்கெல்லாம் கோப்பை முழுதும் விரவிவிடும். பால் அழிந்ததோ? இல்லை, ஓரிடத்ததாய் இருத்தல் ஒழிந்தது, அவ்வளவே. கருந்துளையின் விளிம்பில் நிகழ்வதும் இத்தகையதே என்பர் இக்காலப் பௌதிகவியலார்.

எரிந்தடங்கிய விண்மீன் தாங்கவல்ல நிறைக்கு ஓர் எல்லையுண்டென 1930ஆம் ஆண்டு கப்பற் பயணத்திலே கணித்தவர் தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர். மிகப் பெரிய மீன்கள் அவ்வெல்லையைக் கடந்து சுருங்கி, ஒளியும் மீளவொண்ணாத கருந்துளையாதல் கூடும்.

அக்கருந்துளையும் மெல்ல வெப்பத்தைக் கதிர்த்துத் தேய்ந்து மறையும் என்று 1974இல் மொழிந்தார் ஸ்டீவன் ஹாக்கிங். உள்ளே வீழ்ந்த பொருளின் சுவடு அக்கதிரில் இராது என்பது அவர் கணக்கு. அங்ஙனமாயின், அதனுள் வீழ்ந்த நூலின் எழுத்து என்றைக்கும் இல்லையாய்விடும். குவாண்டம் விதியோ, எதுவும் தடமறத் தொலையாது என்கிறது. 1997இல் ஜோன் பிரெஸ்கில் என்பார் ஹாக்கிங்கோடு பந்தயங் கட்டினார். 2004இல் ஹாக்கிங் தோல்வியை ஒப்பி, பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றை அவருக்கு அளித்தார். அதனைச் சாம்பலாக்கிக் கொடுத்திருக்கலாமோ என்று பின்னர் வேடிக்கையும் பேசினார்!

வீழ்ந்த செய்தி எத்துணை விரைவில் விரவும் என்பதைப் பிரெஸ்கிலும் பற்றிக் ஹேடனும் 2007இல் ஆராய்ந்தனர். ஞாயிற்றின் நிறையுடைய கருந்துளையாயின், ஒரு நொடியை ஆயிரங் கூறிட்டு அவற்றுட் சில கூறே போதுமாம். அதன்பின் ஒரு சிறு பகுதியை மட்டும் ஆராய்வார்க்கு ஓரெழுத்தும் புலனாகாது. ஆனால், பாதிக்கு மேல் தேய்ந்த கருந்துளையின் பழங்கதிர் அனைத்தையும் சேர்த்து வைத்தான் ஒருவன், புதிதாய் வீழ்ந்த செய்தியை மேலும் சிறிது கதிர் கொண்டே மீட்டல் கூடும். இதனைக் குழப்பம் என்பதினும் விரவல் என்றலே தகும் என்பது என் துணிபு. குழப்பத்தில் இழப்பு உண்டு, விரவலில் இல்லை. அச்செய்தி வெளிப்போதரும் வழி யாது என்பதில் மட்டும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இதனை விளக்குவார் பெரும்பாலும் எரிந்த நூலையே உவமை காட்டுவர். புகை, சாம்பல், ஒளி மூன்றையும் ஒன்றும் விடாது திரட்டினால் நூல் மீளும் என்பர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன; ஓலைச்சுவடிகளும் எரிந்தன. அவர்தம் கணக்கின்படி அவ்வெழுத்துகள் இன்றும் உள. அப்புகையைத் திரட்டி வைத்தார்தாம் எவருமிலர். அந்நெருப்பின் ஒளியோ, நாற்பது ஒளியாண்டுத் தொலைவையும் கடந்து இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.