பிள்ளையைப் புரிந்துகொள்ள பெரியவர்களுக்கும் வகுப்பு வேண்டும்

மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடும் எட்டு வயதுப் பையன். அவனுடைய தலையணை உறைக்குள் காய்ந்துபோன இரண்டு இட்லியும் நசுங்கிய பிஸ்கட் பாக்கெட்டும் கிடக்கின்றன. எறும்பு மொய்த்த பிறகுதான் வீட்டில் தெரிகிறது. "கேட்டா தர மாட்டோமா? எதுக்குத் திருடணும்?" என்று வளர்ப்பவர்கள் மனம் நோகிறார்கள்.

பெற்றவர்களுடன் இருக்க முடியாத குழந்தைகளை வீட்டில் வைத்து வளர்க்க முன்வருபவர்களுக்காக நிபுணர்கள் நடத்தும் வகுப்புகளில் அடிக்கடி பேசப்படும் சிக்கல் இது. அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாத இடத்தில் வளர்ந்த பிள்ளை, கிடைத்தபோது பதுக்கிவைத்துத்தான் பிழைத்திருக்கிறான். புது வீட்டில் ஃபிரிட்ஜ் நிறைந்திருப்பதைக் கண் பார்த்துவிடும்; உடம்பு நம்ப மாதக்கணக்காகும். அதனால் அலமாரியைப் பூட்டாதீர்கள், அவன் பேருக்கு ஒரு டப்பா கொடுங்கள், பழமும் பிஸ்கட்டும் போட்டு அவன் கண்முன்னே நிரப்புங்கள், நடுராத்திரியில் எடுத்தாலும் எதுவும் சொல்லாதீர்கள் என்கிறார்கள் நிபுணர்கள். டப்பா எப்போதும் நிறைந்திருக்கிறது என்று மனசுக்குப் பழகப் பழக, பதுக்கும் பழக்கம் மெல்லக் குறையும்.

அன்பிருந்தால் போதும், பிள்ளை தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது நம் ஊரில் பலருடைய நம்பிக்கை. அந்த அன்பைப் பெறும் பிள்ளைக்கு, பெரியவர்களை நம்புவதே ஆபத்து என்று முன்பே பாடமாகியிருந்தால் என்ன செய்வது? அங்கேதான் பயிற்சி தேவைப்படுகிறது.

வளர்ப்பு வீடு என்ன மாற்றம் தரும் என்பதற்கு வலுவான சான்று ருமேனியாவிலிருந்து வந்தது. அந்நாட்டுச் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1966-இல் கருக்கலைப்புக்குத் தடை விதித்தது. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் பிள்ளைகளை அரசு விடுதிகளில் விட்டன. 1989-இல் ஆட்சி கவிழ்ந்தபோது அவற்றில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இருந்தார்கள். சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பின் புகாரெஸ்ட் விடுதிகளிலிருந்து 136 குழந்தைகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். அவர்களின் அறிவுத்திறன், விடுதியிலேயே இருந்தவர்களைவிட மேம்பட்டது. இரண்டு வயதுக்கு முன்பே வீட்டுக்குப் போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். 2007-இல் 'சயின்ஸ்' இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தன.

விடுதியைவிட வீடு மேல் என்பதற்குத்தான் பலரும் இந்த ஆய்வைச் சொல்வார்கள். அதற்குச் சமமான இன்னொரு செய்தியும் இதில் உண்டு. அந்த நகரத்தில் அப்போது வளர்ப்புக் குடும்பங்களே அனேகமாக இல்லை. ஆய்வுக் குழுதான் 56 குடும்பங்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தது. சமூகப் பணியாளர்கள் அந்த வீடுகளுக்குத் தொடர்ந்து போய்வந்தார்கள். பலன் தந்தது, துணைக்கு ஆள் இருந்த வீடு.

இன்றைய வகுப்புகளில் அமெரிக்க உளவியலாளர் டேன் ஹியூஸ் வகுத்த அணுகுமுறை பரவலாகக் கற்றுத்தரப்படுகிறது. இலகுவான விளையாட்டு மனநிலை, ஏற்றுக்கொள்ளுதல், அறியும் ஆவல், பிள்ளையின் உணர்வில் உடனிருத்தல் ஆகிய நான்கும் அதன் தூண்கள். ஏற்றுக்கொள்வது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதல்ல. கோபம் வந்ததை ஏற்கலாம், டம்ளரை விட்டெறிந்ததை ஏற்க வேண்டியதில்லை. "ஏன் ஒளிச்சே?" என்று கேட்டால் பிள்ளை பதில் சொல்லாது, பெரும்பாலும் அதற்கே பதில் தெரியாது. "ராத்திரி பசிச்சா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சா கண்ணு?" என்று கேட்டால், தலையையாவது ஆட்டும்.

பதின்வயதுப் பிள்ளைகளிடம் இதெல்லாம் இன்னும் கடினம். பெற்ற பிள்ளையோடு மல்லுக்கட்டும் வீடுகளுக்கும் உதவும் செய்தி ஒன்று: பருவமடையும் வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரக்கும் நேரம் இரவில் தள்ளிப்போகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வராமல் புரள்வதும் காலையில் எழுப்ப முடியாமல் கிடப்பதும் வெறும் சோம்பேறித்தனமல்ல. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. கைபேசி அதைக் கெடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சண்டையை அங்கிருந்து மட்டும் தொடங்கினால் பாதிக் காரணம் விட்டுப்போகும்.

வளர்ப்புப் பிள்ளைகள் சிலர் பெற்ற தாயை இடையிடையே பார்க்கப் போவதுண்டு. அப்படிப் பார்த்துவிட்டு வந்த இரவு, பிள்ளை சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொள்ளும். சின்னப் பிள்ளையாக இருந்தால் படுக்கையை நனைக்கலாம். "அவங்களைப் பார்த்தாலே இவன் கெட்டுப்போறான்" என்று வாய்வரை வந்தாலும் சொல்லக் கூடாது. அம்மாவைக் குறை சொன்னால் தன்னையே குறை சொன்னதாகத்தான் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

வளர்ப்பவர்களின் சோர்வையும் நல்ல வகுப்பு பேசும். எவ்வளவு கொடுத்தாலும் திரும்பி ஒரு சிரிப்புகூட வராத நிலையில், சமைப்பதும் துவைப்பதும் நடக்கும், மனசு மட்டும் மரத்துப்போகும். மாதக்கணக்கில் புறக்கணிக்கப்பட்ட யாருக்கும் இது நேரும் என்று இன்னொருவர் வாயால் கேட்பதே பலருக்குப் பெரிய ஆறுதல்.

இந்தியாவில் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 44-ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்புக்கு வழிசெய்கிறது. தத்தெடுப்பதுபோல் இதில் பிள்ளை சட்டப்படி நம் வாரிசாகிவிடுவதில்லை. குழந்தைகள் நலக் குழுதான் குழந்தையை ஒரு குடும்பத்தில் சேர்க்கிறது. 2024-இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகளின்படி, திருமணமாகாதவர்களும் கணவனையோ மனைவியையோ இழந்தவர்களும்கூட முன்வரலாம். பிள்ளையைத் தத்தெடுக்க விரும்பினால் முன்பு ஐந்து ஆண்டு வளர்த்திருக்க வேண்டும். இப்போது இரண்டு ஆண்டு போதும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

கதவு அகலமாகத் திறந்திருப்பது நல்லதுதான். வருபவர்களைத் தயார்ப்படுத்தும் வேலையும் அதே வேகத்தில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் பிள்ளை திருப்பி அனுப்பப்படும், அந்தப் பிள்ளைக்கு இன்னொரு வீடு கைவிட்டதாகும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுக்கப் போகிறவர்கள், உதவித்தொகை எப்போது வரும் என்பதோடு மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்: குழந்தை வரும் முன் எங்களுக்கு யார் பயிற்சி தருவார்கள்? வந்த பிறகு எத்தனை நாளுக்கொரு முறை யார் வீட்டுக்கு வருவார்கள்? ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அழுதால், யாருக்குப் போன் செய்வது?